சரக்கு கடலில், காசு யார் கையில்?

(ஒலிப்பதிவில் பேசியதை எழுத்துக்கு ஏற்றபடி கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறேன்.)

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு வாய்ஸ் மெசேஜ். நம்ம நேயர் ஒருத்தர் கடையநல்லூர் பக்கம் தென்னைநார்த் தூளைக் கழுவி, காயவச்சு, அமுக்கிக் கட்டியாக்குற சின்ன யூனிட் வச்சிருக்கார். இத்தனை வருஷமா சரக்கை வேற ஏற்றுமதியாளர்களுக்குத்தான் கொடுத்துட்டு இருந்தார். இப்போ முதல் தடவையா அவர் பேருக்கே நெதர்லாந்தில் இருந்து ஒரு ஆர்டர் வந்திருக்கு. ஒரு கன்டெய்னர். விலை பேசியாச்சு, சாம்பிளும் போய் சரின்னு சொல்லியாச்சு. கடைசியா வந்த மெயிலில் ஒரே ஒரு வரி: பேமென்ட் டேர்ம்ஸ், டி.ஏ. 60 நாள். "தம்பி, இதுக்கு சரின்னு சொல்லலாமா? வேண்டாம்னா ஆர்டர் போயிருமோ?" என்று கேட்டிருந்தார்.

அண்ணாச்சி, உங்க கேள்விக்கு பதில் நடுவில் வரும். அதுக்கு முன்னாடி கொஞ்சம் அடிப்படை பேசிடுவோம்.

நான் ஏற்றுமதி வியாபாரி இல்லை, சாஃப்ட்வேர் எழுதுகிறவன். ஏற்றுமதி செய்கிறவர்களுக்கான ஒரு இன்வாய்ஸ் அப்ளிகேஷனில் வேலை பார்த்தப்போதான் "பேமென்ட் டேர்ம்ஸ்" என்ற டிராப்டவுன் என் கைக்கு வந்தது. அஞ்சு ஆப்ஷன். எனக்கு அது அஞ்சு வரி ப்ரோகிராம். அதைப் பயன்படுத்துகிற ஆளுக்கு, அந்த அஞ்சில் எதைக் கிளிக் பண்ணுறார் என்பதில்தான் வீட்டுப் பத்திரம் பேங்கில் இருந்து திரும்பி வருமா வராதா என்பதே இருக்கு.

முதல்ல நம்ம ஊர் வியாபாரத்தை எடுத்துக்கோங்க. பண்பொழியில் ஒரு தென்னந்தோப்பு. வியாபாரி ஆள் கூட்டிட்டு வர்றார், காய் வெட்டுறாங்க, எண்ணுறாங்க, லோடு ஏத்துறாங்க, காசு கைமாறுது. சில நேரம் பாதி இப்போ, மீதி அடுத்த வெட்டுக்கு என்பார். நாமும் தலையாட்டுவோம். ஏன்? அவர் வடகரைக்காரர், அவங்க அண்ணன் கடை செங்கோட்டையில் இருக்கு, இங்க காசு கொடுக்கலைன்னா பக்கத்துத் தோப்புக்காரர் அவரை உள்ளே விடமாட்டார். அந்தப் பாதிக் காசுக்கு ஈடு அவரோட பேருதான். எழுத்தில் ஒண்ணுமே கிடையாது.

ரோட்டர்டாமில் இருக்கிறவருக்கு வடகரையில் அண்ணன் கடை கிடையாது. சரக்கு இங்கிருந்து லாரியில் தூத்துக்குடி போய், பெரும்பாலும் கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறி, ஐரோப்பா போய்ச் சேரச் சாதாரணமாகவே நாலு வாரம் பக்கம் ஆகும். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்த பிறகு, நிறைய கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனதில் இன்னும் ஒன்றிரண்டு வாரம் கூடியது. இந்த நாட்களில் சரக்கு உங்க கையிலும் இல்லை, வாங்குகிறவர் கையிலும் இல்லை. அப்போ காசு யார் கையில் இருக்கணும்? முன்னாடியே வந்திருந்தால் பயம் வாங்குகிறவருக்கு. வரலைன்னா பயம் உங்களுக்கு. எங்க துறையில் இதை "அட்டாமிக்" என்போம்: நடந்தா ரெண்டும் ஒரே நேரத்தில் நடக்கணும், இல்லைன்னா ரெண்டுமே நடக்கக் கூடாது. பெட்டிக்கடையில் ஒரு கையில் காசு, ஒரு கையில் பிஸ்கட். கடல் நடுவில் வந்தால் அது முடியாது. சர்வதேச வர்த்தகத்தில் இருக்கிற எல்லா பேமென்ட் முறையும் இந்தப் பிரச்சினையைச் சுற்றி மனுஷன் கண்டுபிடித்த ஒட்டுவேலைதான்.

ரெண்டு ஓரங்களை வேகமா முடிச்சிடுவோம். ஒரு ஓரத்தில் அட்வான்ஸ்: முழுப் பணமும் முன்னாடியே வங்கிக்கு வந்துடும், அப்புறம் அனுப்புவீங்க. விக்கிறவருக்கு சொர்க்கம். புதுசா வியாபாரத்துக்கு வந்த ஆளுக்கு யாரும் முழுசா தரமாட்டாங்க. இன்னொரு ஓரத்தில் ஓப்பன் அக்கவுண்ட்: சரக்கை அனுப்பு, இன்வாய்ஸ் அனுப்பு, 60 நாளோ 90 நாளோ கழிச்சு நான் போடுறேன். நம்ம மளிகைக்கடை நோட்டுக் கணக்குதான், டாலரில். சின்ன ஆளுங்கதான் இப்படி ஏமாறுவாங்கன்னு நினைக்காதீங்க. இன்னைக்கு உலக வர்த்தகத்தில் பெரும்பகுதி இப்படித்தான் நடக்குது. பெரிய பிராண்டுகளும் சூப்பர்மார்க்கெட்டுகளும் இதைத்தான் கேட்பாங்க, மாட்டேன்னா அடுத்த சப்ளையரிடம் போவாங்க. அதோட விலை என்னன்னு 2020 மார்ச், ஏப்ரலில் திருப்பூருக்குத் தெரிஞ்சது. கொரோனாவில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடைகள் மூடினதும், வாங்குகிறவர்கள் ஆர்டரை ரத்து பண்ணாங்க, தள்ளிப்போட்டாங்க, முன்னாடியே போய்ச் சேர்ந்த சரக்குக்கும் தள்ளுபடி கேட்டாங்க. பயம் முழுக்க இந்தப் பக்கம்.

நடுவில் இருக்கிறதுதான் சுவாரசியம். அங்கேதான் வங்கி வருது.

அதுக்கு ஒரு காகிதத்தை முதல்ல புரிஞ்சுக்கணும்: பில் ஆஃப் லேடிங். கப்பல் கம்பெனி சரக்கை வாங்கிக்கிட்டு கொடுக்கிற ரசீது. ஆனா வெறும் ரசீது இல்லை. "ஆர்டர்" முறையில் எழுதின ஒரிஜினல் யார் கையில் முறைப்படி இருக்கோ அவருக்குத்தான் சரக்கு. வழக்கமா மூணு ஒரிஜினல் போடுவாங்க; ஒண்ணைக் காட்டி சரக்கை எடுத்துட்டா மத்த ரெண்டும் செல்லாது. அதாவது 40 அடி கன்டெய்னர் ஒரு தாளுக்குள்ள வந்துடுச்சு. கன்டெய்னரையும் காசையும் ஒரே நேரத்தில் கைமாத்த முடியாது. தாளையும் காசையும் மாத்தலாம், வங்கிக் கவுண்டரில். கிட்டத்தட்ட அட்டாமிக்!

டி.பி. என்பது இதுதான். நீங்க சரக்கை ஏத்திட்டு, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் எல்லாத்தையும் உங்க வங்கியில் கொடுக்கிறீங்க. அது வாங்குகிறவரின் வங்கிக்கு அனுப்பும். அவர் பணத்தைக் கட்டினால் தாள், இல்லைன்னா இல்லை. டி.ஏ. என்றால், பணம் கட்ட வேண்டாம், "60 நாளில் தர்றேன்" என்று ஒரு பில்லில் கையெழுத்துப் போட்டாலே தாள் கையில் கிடைக்கும். ரெண்டிலும் வங்கி வெறும் தபால்காரர். பாரிஸில் இருக்கும் சர்வதேச வர்த்தகச் சபை இதுக்கென்றே யு.ஆர்.சி. 522 என்று ஒரு விதித்தொகுப்பு வச்சிருக்கு. வாங்குகிறவர் கொடுக்காட்டி வங்கி தன் காசைக் கொடுக்கும் என்று அதில் எந்த இடத்திலும் கிடையாது. நிறைய பேர் "பேங்க் மூலமாத்தானே போகுது" என்று தைரியமா இருக்காங்க. அந்தத் தைரியத்துக்கு ஆதாரம் இல்லை.

இது நமக்கு ஒண்ணும் புது ஐடியா இல்லை. பர்மா, இலங்கை, மலேயான்னு வட்டிக்கடை வச்ச செட்டிநாட்டுக்காரங்க உண்டியல் என்று பயன்படுத்தினது இந்தக் குடும்பம்தான். காட்டினதும் காசு தர வேண்டிய உண்டியலும் உண்டு, தவணை கழிச்சுத் தர வேண்டிய உண்டியலும் உண்டு. 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டம் தன் முதல் பிரிவிலேயே, கீழை மொழிகளில் எழுதின ஆவணங்களின் உள்ளூர் வழக்கத்தில் நான் தலையிடலை என்று ஒதுங்கிக்குது. வெள்ளைக்காரன் சட்டம் எழுதும்போதே அது இங்க ஓடிட்டு இருந்திருக்கு.

சரி அண்ணாச்சி, உங்க டி.ஏ. 60 நாளுக்கு வருவோம். அவர் கையெழுத்துப் போட்டு சரக்கை எடுத்துட்டார்னா, உங்க கையில் இருப்பது ஒரு கையெழுத்து. அவர் கொடுக்கலைன்னா நெதர்லாந்து கோர்ட்டில் அது நல்ல சாட்சி. அங்க வக்கீல் வைக்க உங்களால முடியுமா? ஒரு கணக்குக்கு உங்க கன்டெய்னர் 10,000 டாலர்னு வச்சுக்குவோம். அந்தத் தொகைக்கு வெளிநாட்டில் கேஸ் போடுற செலவு கட்டுப்படியாகாது. இது வாங்குகிறவருக்கும் தெரியும். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனா முதல் ஆர்டரில் முழுத் தொகைக்கும் டி.ஏ. என்றால் நான் சரின்னு சொல்லமாட்டேன்.

அப்போ டி.பி. கேட்டா போதுமா? உங்க சரக்குக்கு டி.பி.யிலும் ஒரு ஓட்டை இருக்கு. சரக்கு ரோட்டர்டாமில் இறங்கின பிறகு அவர் "மார்க்கெட் விழுந்துடுச்சு, வேண்டாம்" என்று சொல்றார்னு வச்சுக்கோங்க. தாள் உங்க கையில் பத்திரமா இருக்கு, சரக்கு உங்களுதுதான். ஆனா துறைமுகத்தில் நாள்வாடகை ஓடுது. ஏலக்காய் மாதிரி எடை கம்மி, விலை ஜாஸ்தி என்றால் திரும்பக் கொண்டு வரலாம், வேற ஆளுக்கு விக்கலாம். தென்னைநார்த் தூள் இடத்தை அடைக்கும், மதிப்பு குறைவு. திருப்பி அனுப்புற கப்பல் கூலியே சரக்கு விலையில் பெரும்பகுதியைத் தின்னுடும். அந்த நேரத்தில் "20 சதவீதம் குறைச்சா எடுத்துக்கிறேன்" என்று மெயில் வரும். வரும் பாருங்க, கரெக்டா வாடகை ஏறுற நேரத்தில்.

அதனால் அட்வான்ஸும் டி.பி.யும் கலந்து கேளுங்க. கப்பல் கூலி போக்குவரத்துக்கும் வாடகைக்கும் ஈடாகிற அளவு முன்பணம், அது 30 சதவீதமோ 40 சதவீதமோ. மீதிக்கு டி.பி. அவர் முன்பணத்தை விட்டுட்டு ஓடினால்கூட உங்க கை கடிக்காது என்பதுதான் கணக்கு. அவர் டி.ஏ.தான் என்று பிடிவாதமா நின்னா, இ.சி.ஜி.சி.க்குப் போங்க. 1957இல் ஆரம்பிச்ச மத்திய அரசு நிறுவனம், ஏற்றுமதிக் கடனுக்கு இன்சூரன்ஸ். வாங்குகிறவர் திவாலானாலும், இழுத்தடிச்சாலும், அந்த நாட்டிலேயே ஏதாவது நடந்து பணம் வர முடியாமப் போனாலும் நஷ்டத்தின் பெரும்பகுதியைத் தரும். முழுசும் தராது. இதில் எனக்குப் பிடிச்சது வேற: அவங்க பாலிசி கொடுக்கும் முன்னாடி அந்த வாங்குகிறவரைப் பற்றி விசாரிப்பாங்க. வடகரையில் அண்ணன் கடை இருக்கான்னு நாம விசாரிக்கிற மாதிரி. இவ்வளவுதான் லிமிட் என்று சொன்னாலோ, இந்த ஆளுக்கு முடியாது என்று சொன்னாலோ அதுவே உங்களுக்கு ஒரு தகவல்.

இன்னொண்ணு, மெயிலில் "60 நாள்" என்று மட்டும் இருக்கு. எதிலிருந்து 60 நாள்? பில் ஆஃப் லேடிங் தேதியில் இருந்தா, அவர் கையெழுத்துப் போட்ட நாளில் இருந்தா? கப்பல் ஆறு வாரம் சுத்திப் போச்சுன்னா, கூட ஒன்றரை மாசம் நீங்க வட்டி கட்டணும். எழுதிக் கேளுங்க. நம்ம ரிசர்வ் வங்கிக்கும் ஒரு கெடு இருக்கு: ஏற்றுமதிப் பணம் குறிப்பிட்ட காலத்துக்குள் நாட்டுக்குள் வந்தாகணும். ரொம்ப காலம் அது 9 மாதமா இருந்தது, 2025 நவம்பரில் 15 மாதமா ஆக்கினாங்க. வாங்குகிறவர் ஏமாத்தினால் பணமும் போய், ஏன் வரலைன்னு வங்கிக்குக் கடிதமும் எழுதிட்டு இருக்கணும்.

"தம்பி, எல்.சி.ன்னு ஒண்ணு சொல்றாங்களே?" என்று அடுத்து கேட்பீங்க. லெட்டர் ஆஃப் கிரெடிட். இங்கேதான் வங்கி தபால்காரர் வேலையை விட்டுட்டு ஜாமீன்தாரர் ஆகுது. வாங்குகிறவரின் வங்கி எழுதித் தருது: இந்தத் தேதிக்குள் கப்பலேத்தி, இன்னின்ன ஆவணங்களை இப்படி இப்படிக் கொடுத்தால் நானே பணம் தர்றேன். வாங்குகிறவர் மனசு மாறினாலும், திவாலானாலும், வங்கி கொடுத்தாகணும். 1933இல் முதல் பதிப்பு வந்த விதித்தொகுப்புதான் இதுக்கு வேதம். இப்போ நடப்பில் இருப்பது 2007 ஜூலையில் அமலுக்கு வந்த யு.சி.பி. 600.

அதில் அஞ்சாவது பிரிவைப் படிச்சப்போ எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. வங்கிகள் ஆவணங்களைத்தான் கையாளும், அந்த ஆவணங்கள் சொல்ற சரக்கையோ சேவையையோ அல்ல. அவ்வளவுதான். உங்க தென்னைநார்த் தூள் உலகத்திலேயே நல்ல தூளா இருக்கலாம், வங்கிக்கு அக்கறை இல்லை. தாள் சரியா இருக்கா? இதை நான் ஒரு ஏ.பி.ஐ. மாதிரிதான் பார்க்கிறேன். ரிக்வெஸ்ட் சொன்ன ஃபார்மேட்டில் இருந்தால் பணம் வரும். இல்லைன்னா எர்ரர். இந்த எர்ரருக்கு வங்கி வைத்திருக்கும் பெயர் டிஸ்க்ரெபன்சி. வங்கி பார்த்துச் சொல்ல அஞ்சு வேலை நாள் அவகாசம் உண்டு.

எல்.சி.யில் "கழுவிய" தென்னைநார்த் தூள் என்று இருந்து, இன்வாய்ஸில் அந்த ஒரு சொல் விட்டுப்போனால் டிஸ்க்ரெபன்சி. கடைசித் தேதி 15 என்று இருந்து கப்பல் 16ஆம் தேதி ஏத்தினால் டிஸ்க்ரெபன்சி. கப்பலேத்தி 21 நாளுக்குள் ஆவணம் கொடுக்கலைன்னாலும், எல்.சி.யில் வேற மாதிரி சொல்லியிருந்தால் ஒழிய, அதே கதை. நம்ம பண்பொழியை ஆங்கிலத்தில் மூணு விதமா எழுதுறாங்க, பஸ் போர்டில் ஒண்ணு, ரெவின்யூ ரெக்கார்டில் ஒண்ணு. நல்லவேளை, முகவரி அச்சு அசலா ஒத்துப்போக வேண்டாம், நாடு ஒண்ணா இருந்தால் போதும் என்று யு.சி.பி.யே விட்டுக் கொடுக்குது. துறைமுகத்துக்கு அப்படிக் கிடையாது. எல்.சி. எப்படி எழுதச் சொல்லுதோ அப்படியே எழுதிட்டுப் போங்க. டியூட்டிகோரினா தூத்துக்குடியா என்று ஒரு வங்கி அதிகாரியோடு வாதாடுறது உங்க வேலை இல்லை.

தாளை மட்டும் பார்க்கிற இந்த முறையில் வாங்குகிறவருக்கும் ஆபத்து உண்டு. உலகம் முழுக்க சட்ட மாணவர்கள் இதுக்குப் படிக்கிற வழக்கே இந்தியச் சரக்கு பற்றினதுதான். 1941, நியூயார்க். லக்னோவில் இருந்த ஒரு கம்பெனியிடம் பன்றிமயிர் வாங்க அமெரிக்காவில் ஒருத்தர் எல்.சி. திறக்கிறார். பிரஷ் செய்ய. 50 பெட்டி கப்பலேறுது. தாள்கள் எல்லாம் கச்சிதம், கான்பூரில் இருந்த வங்கி வழியா பணம் கேட்டு வருது. பெட்டிக்குள்ள இருந்தது மாட்டுமயிரும் குப்பையும் என்பது வாங்கினவரின் புகார். வங்கி தாளை மட்டும்தானே பார்க்கணும்? நீதிமன்றம் சொன்னது: தரம் கொஞ்சம் முன்னப்பின்ன என்ற தகராறுக்குள் வங்கியை இழுக்கக் கூடாது. ஆனா விற்றவரே திட்டமிட்டு மோசடி செய்திருக்கார், அது பணம் கொடுப்பதற்கு முன்பே வங்கிக்குத் தெரிய வந்திருக்குன்னா, அந்த மோசடிக்காரருக்காக வங்கி கொடுக்க வேண்டியதில்லை. ஸ்டெய்ன் வழக்கு என்பார்கள். இன்னைக்கும் எல்.சி.யை நிறுத்துவதற்குக் கோர்ட்டில் திறந்திருக்கும் சின்ன ஜன்னல் அதுதான்.

எல்.சி.க்குச் செலவு உண்டு. திறக்க, அறிவிக்க, திருத்த, டிஸ்க்ரெபன்சிக்கு என்று ஒவ்வொண்ணுக்கும் கட்டணம். 10,000 டாலர் கன்டெய்னருக்கு அது உறுத்தும். அதனால்தான் அண்ணாச்சிக்கு நான் முதலில் அதைச் சொல்லலை.

இந்த எல்.சி. செய்தியெல்லாம் வங்கிக்கு வங்கி எப்படிப் போகுது? ஸ்விஃப்ட். 1973இல் பெல்ஜியத்தில் ஆரம்பிச்ச அமைப்பு. ஸ்விஃப்ட்டில் பணம் போகாது, செய்தி மட்டும்தான் போகும். ஆனா அந்தச் செய்தியே ஒரு வங்கியின் வாக்கு. 2018 பிப்ரவரியில் பஞ்சாப் நேஷனல் வங்கி வெளியே சொன்ன மோசடி நினைவிருக்கா? மும்பை பிராடி ஹவுஸ் கிளை. முதலில் சொன்ன கணக்கே 11,400 கோடி ரூபாய் பக்கம். இறக்குமதியாளருக்காக "நான் பொறுப்பு" என்று வெளிநாட்டில் இருந்த இந்திய வங்கிக் கிளைகளுக்கு அனுப்பின உறுதிக் கடிதங்கள் அவை. ஸ்விஃப்ட் செய்தி போச்சு. வங்கியின் கோர் பேங்கிங் கணக்கில் பதிவே இல்லை. ரெண்டு சிஸ்டமும் ஒண்ணோடொண்ணு இணைக்கப்படவே இல்லை. இதை ஒரு ப்ரோகிராமரா கேட்டா வயிறு கலங்கும்: உலகத்துக்கு வாக்குக் கொடுக்கிற கம்ப்யூட்டர் ஒண்ணு, கடனைக் கணக்கு வைக்கிற கம்ப்யூட்டர் வேறொண்ணு, ரெண்டுக்கும் நடுவில் ஒரு மனுஷன். அடுத்த மாதம், மார்ச் 13ஆம் தேதி, ரிசர்வ் வங்கி அந்த வகை உறுதிக் கடிதங்களையே நிறுத்திடுச்சு.

ஆக, எல்.சி. என்றால் வாங்குகிறவர் மேல இருந்த நம்பிக்கையை ஒரு வங்கி மேல மாத்தி வைக்கிறோம். சரி, வங்கியே கொடுக்க முடியாத நிலை வந்தால்?

நமக்கு ரொம்பப் பக்கத்திலேயே வந்தது. கொழும்பு, 2022.

இலங்கையில் வங்கிகள் மூடலை. வாங்குகிறவர்களிடம் ரூபாயும் இருந்தது. டாலர் இல்லை. வங்கிகளால் எல்.சி. திறக்க முடியலை, திறந்ததுக்கும் காசு அனுப்ப முடியலை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கன்டெய்னர்கள் உணவுப் பொருளோடு கொழும்புத் துறைமுகத்தில் நின்னது. அரிசி, பருப்பு, சீனி, சில கிலோமீட்டர் தள்ளி கடையில் வரிசை. நான் சொன்ன டி.பி. நிலைமைதான் இது, ஒரு நாட்டு அளவில். மார்ச்சில் மேல் மாகாணத்தில் பள்ளிக்கூடப் பரீட்சையைத் தள்ளிவச்சாங்க, காகிதம் இறக்குமதி பண்ண டாலர் இல்லைன்னு. ஏப்ரல் 12ஆம் தேதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துறோம் என்று அரசு அறிவிச்சது. மே மாதம் நிதியமைச்சர் அலி சப்ரி, பயன்படுத்தக்கூடிய கையிருப்பு 50 மில்லியன் டாலர்கூட இல்லை என்றார்.

மே 18ஆம் தேதி எரிசக்தி அமைச்சர் காஞ்சன விஜேசேகர பாராளுமன்றத்தில் சொன்னதை நான் அடிக்கடி நினைச்சுப் பார்ப்பேன். ஒரு பெட்ரோல் கப்பல் மார்ச் 28இல் இருந்து இலங்கைக் கடலில் நங்கூரம் போட்டு நிக்குது. கொடுக்க டாலர் இல்லை. அதே கப்பல் ஜனவரியில் கொண்டு வந்ததுக்கே 53 மில்லியன் டாலர் பாக்கி. கப்பல்காரர் பழைய பாக்கிக்கும் வழி சொல்லாமல் இறக்கமாட்டேன் என்கிறார். கரையில் ஆட்டோக்காரர்கள் ராத்திரி முழுக்க வரிசையில் தூங்குறாங்க. கப்பல் கண்ணுக்கு எட்டுற தூரத்தில். பேமென்ட் டேர்ம்ஸ் என்ற டிராப்டவுன் ஒரு ஊர் மேல விழுந்தால் எப்படி இருக்கும் என்பதுக்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியாது.

விக்கிறவங்களுக்கு இதில் இருக்கிற வழிக்குப் பேர் கன்ஃபர்ம்டு எல்.சி. கொழும்பு வங்கி கொடுத்த வாக்கின் மேல, வேற நாட்டில் இருக்கிற இன்னொரு வங்கி "அவர் கொடுக்காட்டி நான் கொடுக்கிறேன்" என்று தன் வாக்கையும் சேர்க்கணும். அப்போ நாட்டு அபாயமும் கழிஞ்சது. 2022இல் சப்ளையர்கள் இதைத்தான் கேட்டாங்க, இல்லைன்னா ரொக்கம். சிக்கல் என்னன்னா, மழை வர்றப்போ குடையை யாரும் இரவல் தரமாட்டாங்க. இலங்கை வங்கிகளுக்குக் கன்ஃபர்மேஷன் கொடுக்க வெளிநாட்டு வங்கிகள் பின்வாங்கிட்டாங்க.

இந்தியாவில் இருந்து அனுப்புறவங்களுக்கு இன்னொரு சுத்து உண்டு. இந்தியாவும் இலங்கையும் ஆசிய தீர்வக ஒன்றியத்தில் உறுப்பினர்கள். 1974இல் தொடங்கினது, தலைமையகம் தெஹ்ரானில். இந்த நாடுகளுக்குள் நடக்கும் வியாபாரத்தை மத்திய வங்கிகள் வரவு செலவு கழிச்சு, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை மீதியை மட்டும் டாலரிலோ யூரோவிலோ தீர்த்துக்கும். சந்தைக்காரங்க மாசக் கடைசியில் நோட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வச்சு "நீ எனக்கு இவ்வளவு, நான் உனக்கு இவ்வளவு" என்று கழிச்சுக்கிற மாதிரி. நல்ல ஏற்பாடு, கடைசி மீதியைக் கொடுக்க ஒருத்தரிடம் காசு இருக்கிற வரைக்கும். இலங்கையின் தவணையை இந்தியா தள்ளிப்போட்டுக் கொடுத்தது. 2022 ஜூலை 8ஆம் தேதி, இலங்கையுடனான வர்த்தகத்தை இந்த ஒன்றியத்துக்கு வெளியிலும் தீர்த்துக்கலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதிச்சது. மூணு நாள் கழிச்சு, 11ஆம் தேதி, ரூபாயிலேயே சர்வதேச வர்த்தகம் நடத்த வழி சொல்ற சுற்றறிக்கையும் வந்தது. அதுக்கும் முன்னாடி, மார்ச் 17ஆம் தேதி, உணவுக்கும் மருந்துக்கும் என்று 100 கோடி டாலர் கடன் வசதியை ஸ்டேட் வங்கி மூலம் கொடுத்திருந்தாங்க. இங்கிருந்து அனுப்புற அரிசி வியாபாரிக்கு அதன் அர்த்தம் எளிமையானது: பணம் கொழும்பில் இருந்து வர வேண்டாம், இங்கேயே வந்துடும்.

தூத்துக்குடியில் இருந்து கொழும்புக்கு அனுப்புறவங்களுக்கு மட்டும் இன்னொரு வார்த்தை. கப்பல் ஒரு நாளில் போயிடும். ஒரிஜினல் பில் ஆஃப் லேடிங் வங்கி வழியா, கூரியரில் ஒரு வாரம் கழிச்சுப் போகும். சரக்கு வந்து தாளுக்குக் காத்திருக்கிறது. வாடகை ஓடுதுன்னு வாங்குகிறவர் நெருக்குவார்: "அண்ணே, சரண்டர் பண்ணிடுங்க, தாள் இல்லாம எடுத்துக்கிறேன்." டெலக்ஸ் ரிலீஸ் என்பார்கள். நீங்க சரின்னு சொன்ன அந்த நிமிஷம் உங்க டி.பி. செத்துப்போச்சு, இன்வாய்ஸில் என்ன எழுதியிருந்தாலும் அது ஓப்பன் அக்கவுண்ட்தான். முழுப் பணம் வந்த பிறகு செய்யுங்க, அல்லது பழகின ஆளுக்கு, தெரிஞ்சே செய்யுங்க. மின்னணு பில் ஆஃப் லேடிங் பரவலா வந்தால் இந்தப் பிரச்சினை தீரலாம். இங்கிலாந்து 2023இல் அதுக்குச் சட்டம் போட்டது. நாம 1856ஆம் வருஷச் சட்டத்தை மாத்தி 2025இல் புதுசு கொண்டு வந்திருக்கோம்.

கடைசியா, நம்ம பக்கத்தில் வீட்டில் இருந்தே வெளிநாட்டு கிளையன்ட்டுக்கு வேலை பார்க்கிற ஐ.டி. பசங்களுக்கு. நாமளும் ஏற்றுமதியாளர்தான். எல்லாரும் ஓப்பன் அக்கவுண்ட்டில்தான் ஓட்டுறோம்: மாசம் முழுக்க வேலை, மாசக் கடைசியில் இன்வாய்ஸ், அப்புறம் 30 நாள். ப்ரோகிராமுக்கு பில் ஆஃப் லேடிங் கிடையாது. ஆனா ரெப்போ ஆக்சஸ் இருக்கு. டெமோவை உங்க சர்வரில் காட்டுங்க, முன்பணம் 30 சதவீதம் வாங்குங்க, மீதி வந்த பிறகு ரெப்போவை அவங்க பேருக்கு மாத்துங்க. பணம் வந்ததும் வங்கியில் பர்ப்பஸ் கோடைச் சரியாப் போடச் சொல்லி, வரவுச் சான்றை வாங்கி வச்சுக்கோங்க. ஜி.எஸ்.டி.யில் அது கேட்பாங்க.